ஜப்பானியத் தேசியப் பல்கலைக்கழகச் சங்கம்: ஒருமித்த குரலும் அதன் எல்லையும்

முன்னுரை

ஜப்பானிய உயர்கல்வி என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருபவை தோக்கியோ, கியோத்தோ போன்ற புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களும், கடுமையான நுழைவுத் தேர்வும்தான். 1982ஆம் ஆண்டில் மலேசியா கிழக்கு நோக்கும் கொள்கையைத் தொடங்கியது முதல், மலாயாப் பல்கலைக்கழகத்தில் உள்ள அம்பாங் அசுஹான் ஜெப்புன் என்ற ஆயத்த மையத்தில் ஜப்பானிய மொழியைக் கற்று அந்நாட்டிற்குச் சென்ற மலேசிய மாணவர்கள் பலர். அவர்களுள் நானும் ஒருவன். தலைநகரிலிருந்து தொலைவில் உள்ள ஒரு வட்டாரத் தேசியப் பல்கலைக்கழகத்தில் நான் பயின்றேன்.

அங்கு இருந்த காலத்தில் ஒரு செய்தி என் கவனத்தை ஈர்த்தது. வடக்கே ஹொக்கைடோவில் உள்ள பல்கலைக்கழகமும் தெற்கே ஒக்கினாவாவில் உள்ள பல்கலைக்கழகமும் ஒரே நாளில் நுழைவுத் தேர்வை நடத்துகின்றன. கட்டணமும் பெரும்பாலும் ஒன்றே. அமைச்சு ஏதேனும் புதிய திட்டத்தை அறிவித்தால், சில நாள்களில் எல்லாத் தேசியப் பல்கலைக்கழகங்களின் சார்பிலும் ஓர் அறிக்கை வெளிவருகிறது. இந்த ஒழுங்கிற்குக் காரணம் யார்? கல்வி அமைச்சு என்று சொன்னால் அது பாதி விடைதான். மீதிப் பாதி, ஜப்பானியர் சுருக்கமாகக் ‘கொகுதாய்க்கியோ’ என்று அழைக்கும் தேசியப் பல்கலைக்கழகச் சங்கம் ஆகும். அச்சங்கம் எப்படித் தோன்றியது, உயர்கல்விக் கொள்கையை எவ்வாறு ஒருங்கிணைக்கிறது, அதன் வலிமையும் வரம்பும் யாவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தோற்றமும் பின்னணியும்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஜப்பானியத் தீவுகளில் ஏழு ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகங்கள் இருந்தன. தோக்கியோ, கியோத்தோ, தொஹோக்கு, கியூஷூ, ஹொக்கைடோ, ஒசாக்கா, நகோயா ஆகியவையே அவை. போருக்குப் பின், 1949ஆம் ஆண்டு மே மாதம் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பழைய பல்கலைக்கழகங்களும் உயர்நிலைப் பள்ளிகளும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளும் தொழிற்கல்லூரிகளும் ஒன்றிணைக்கப்பட்டு ஏறத்தாழ 70 புதிய தேசியப் பல்கலைக்கழகங்கள் உருவாயின. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு தேசியப் பல்கலைக்கழகமாவது இருக்க வேண்டும் என்பது அன்றைய கொள்கை. இன்றும் ஜப்பானின் 47 மாநிலங்களில் தேசியப் பல்கலைக்கழகம் இல்லாத மாநிலம் ஒன்றுகூட இல்லை.

இவ்வாறு ஒரே நாளில் பிறந்த பல்கலைக்கழகங்கள் அளவிலும் வசதியிலும் ஒன்றுக்கொன்று மலையும் மடுவுமாக இருந்தன. ஆயினும் அவற்றின் சிக்கல்கள் பொதுவானவை. 1950ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவற்றின் தலைவர்கள் கூடித் தேசியப் பல்கலைக்கழகச் சங்கத்தை நிறுவினார்கள். (நம் நாட்டில் துணைவேந்தர் வகிக்கும் பொறுப்பையே அங்கே பல்கலைக்கழகத் தலைவர் வகிக்கிறார்.) சங்கத்தின் முதல் தலைவர், தோக்கியோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த அரசியல் தத்துவ அறிஞர் நம்பரா ஷிகெரு. சமாதான உடன்படிக்கை குறித்து அவர் கொண்டிருந்த கருத்திற்காகப் பிரதமர் யோஷிதா ஷிகெரு அதே ஆண்டு மே மாதத்தில்தான் அவரை வெளிப்படையாகச் சாடியிருந்தார். அரசாங்கத்தின் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்கள் அரசாங்கத்திடம் எந்த அளவிற்குத் துணிந்து பேசலாம் என்ற வினா, சங்கம் பிறந்தபோதே அதனுடன் சேர்ந்து பிறந்துவிட்டது எனலாம்.

அமைப்பும் செயல்முறையும்

சங்கத்தின் தலைமையகம் தோக்கியோவின் ஹிதொத்சுபாஷி பகுதியில் உள்ளது. உறுப்பினர்கள் செலுத்தும் சந்தாவே அதன் முதன்மை வருவாய். பல்கலைக்கழகங்களோடு, அவை பொதுவாகப் பயன்படுத்தும் தேசிய ஆய்வு நிறுவனங்களும் இதில் இடம்பெற்றுள்ளன.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இச்சங்கத்திற்குச் சட்டப்படி எந்தப் பல்கலைக்கழகத்திற்கும் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. நிதி வழங்குவது அமைச்சு. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். சங்கம் செய்வது இந்த இரண்டிற்கும் நடுவே நின்று கருத்தைத் திரட்டுவதுதான்.

அந்தப் பணி எப்படி நடக்கிறது? நுழைவுத் தேர்வு, கல்வியும் ஆய்வும், நிர்வாகம், அனைத்துலகப் பரிமாற்றம் எனத் துறைவாரியாகக் குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவிலும் பல்வேறு பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் அறிஞர்களும் அமர்கிறார்கள். ஒரு பொருள் எழுந்தால் குழு முதலில் வரைவைத் தயாரிக்கும். அது வட்டாரக் கூட்டங்களிலும் உறுப்புப் பல்கலைக்கழகங்களிலும் கலந்துரையாடப்படும். பின்னர்ச் செயலவையைக் கடந்து, எல்லாத் தலைவர்களும் கூடும் பொதுக்கூட்டத்தில் ஏற்கப்படும். பொதுக்கூட்டத்தில் பேசுவதற்கு முன்பே உரசல்களைத் தனிப்பேச்சில் தீர்த்துக்கொள்வது ஜப்பானியர் வழக்கம். மரத்தை வேரோடு பெயர்த்து நடும் முன் அதன் வேரைச் சுற்றி மண்ணைப் பதப்படுத்துவதைக் குறிக்கும் ‘நெமவாஷி’ என்ற சொல்லால் இதனை அழைப்பார்கள். முடிவு தாமதமாகத்தான் வரும். ஆனால், வந்த பிறகு பெரும்பாலோர் அதற்கு உடன்படுவார்கள்.

மறுபுறம், அமைச்சின் ஆலோசனைக் குழுக்களிலும் சங்கத்தின் பொறுப்பாளர்கள் இடம்பெறுகிறார்கள். எடுத்துக்காட்டாக, சங்கத் தலைவராக இருந்த சுகுபா பல்கலைக்கழகத் தலைவர் நாகாத்தா கியோசுகே, கல்வி அமைச்சின் மத்தியக் கல்விப் பேரவையில் பல்கலைக்கழகப் பிரிவின் தலைவராகவும் பணியாற்றியிருக்கிறார். ஆகவே, கொள்கை அறிவிக்கப்பட்ட பின் எதிர்வினையாற்றுவது மட்டுமன்றி, அது உருவாகும் இடத்திலும் சங்கத்தின் குரல் ஒலிக்கிறது.

நுழைவுத் தேர்வு: ஒருங்கிணைப்பின் சிறந்த சான்று

சங்கத்தின் செயல்பாட்டைப் புரிந்துகொள்ள நுழைவுத் தேர்வைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

1979க்கு முன்பு தேசியப் பல்கலைக்கழகங்கள் முதல் கட்டப் பல்கலைக்கழகங்கள், இரண்டாம் கட்டப் பல்கலைக்கழகங்கள் என இரு பிரிவுகளாக வெவ்வேறு நாள்களில் தேர்வு நடத்தின. பழைய ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகங்கள் ஏழும் முதல் பிரிவிலேயே இருந்தன. அங்கே இடம் கிடைக்காதவர்கள் இரண்டாம் பிரிவிற்குச் சென்றதால், அப்பிரிவில் பயின்ற மாணவர்களிடையே தாழ்வு மனப்பான்மை வேரூன்றியது. மேலும், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே வினாத்தாள் தயாரித்ததால், பள்ளிப் பாடத்திட்டத்தில் இல்லாத விந்தையான வினாக்கள் கேட்கப்படுகின்றன என்ற குறையும் இருந்தது.

இவற்றிற்குத் தீர்வு காணச் சங்கம் 1970களில் தொடர்ந்து ஆய்வு மேற்கொண்டது. அதன் பயனாக, 1977ஆம் ஆண்டில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மையம் நிறுவப்பட்டு, 1979ஆம் ஆண்டில் முதல் பொதுத் தேர்வு நடைபெற்றது. மாணவர்கள் அனைவரும் முதலில் ஒரே பொதுத் தேர்வை எழுதினார்கள். அதன்பின் தாம் விரும்பிய பல்கலைக்கழகம் நடத்தும் இரண்டாம் நிலைத் தேர்வை எழுதினார்கள். இரு பிரிவு முறை அத்துடன் ஒழிந்தது. பொதுத் தேர்வு 1990இலும் 2021இலும் பெயரும் வடிவமும் மாறியபோதும், இரண்டு படிகள் என்ற அந்த அடித்தளம் இன்றுவரை மாறவில்லை.

இன்று நடைமுறையில் உள்ள முறை இதுதான். ஜனவரியில் பொதுத் தேர்வு. பிப்ரவரி 25ஆம் நாள் தொடங்கி எல்லாத் தேசியப் பல்கலைக்கழகங்களிலும் முற்பகுதித் தேர்வு. மார்ச் 12ஆம் நாள் அல்லது அதற்குப் பின் பிற்பகுதித் தேர்வு. ஒரு மாணவர் முற்பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்திற்கும் பிற்பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்திற்கும் விண்ணப்பிக்கலாம். முற்பகுதியில் தேர்ச்சி பெற்று இடத்தை ஏற்றுக்கொண்டால், பிற்பகுதியில் சேரும் உரிமையை இழந்துவிடுவார். ஒரே மாணவர் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொண்டு மற்றொருவரின் வாய்ப்பைத் தடுக்காமல் இருக்கவே இந்த விதி. ஏதேனும் ஒரு பெரிய பல்கலைக்கழகம் தன் தேர்வு நாளை மாற்றிக்கொண்டாலும் இந்த ஏற்பாடு முழுவதும் நிலைகுலைந்துவிடும். அதனால்தான் நாள்களையும் விதிகளையும் சங்கமே ஒவ்வோர் ஆண்டும் நடைமுறைக் குறிப்பாக வெளியிடுகிறது.

பாடங்களின் எண்ணிக்கையும் இப்படியே முடிவாகிறது. 2004ஆம் ஆண்டுத் தேர்வு முதல் தேசியப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிப்போர் பொதுத் தேர்வில் 5 பாடத்துறைகளில் 7 பாடங்களை எழுதுவது பொதுவிதியானது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் சங்கம் கூடி, தகவலியலையும் சேர்த்து 6 பாடத்துறைகளில் 8 பாடங்கள் என அறிவித்தது. அது 2025ஆம் ஆண்டுத் தேர்வு முதல் நடப்புக்கு வந்தது. சங்கத்தின் ஒரு முடிவு நாடெங்கும் உள்ள உயர்நிலைப் பள்ளிகளின் கால அட்டவணையையே மாற்றிவிடுகிறது என்பதை இதன்வழி அறியலாம்.

ஆயினும், இந்த ஒற்றுமை எப்போதும் முழுமையாக அமைவதில்லை. ஆங்கிலத் திறனைச் சோதிக்கத் தனியார் தேர்வுகளையும் பயன்படுத்த வேண்டும் என்ற அரசாங்கத் திட்டத்தை ஏற்று, விண்ணப்பிப்போர் அனைவரும் பொதுத் தேர்வின் ஆங்கிலத் தாளோடு தனியார் தேர்வையும் எழுத வேண்டும் என்று சங்கம் 2017ஆம் ஆண்டு நவம்பரில் அடிப்படைக் கொள்கை வகுத்தது. ஆனால், கிராமப்புற மாணவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் இது நியாயமாகுமா என்ற ஐயம் வலுத்தது. தேர்வு மையம் தொலைவில் இருந்தால் பயணச் செலவு யாருடையது? கட்டணம் செலுத்திப் பலமுறை எழுதிப் பயிற்சி பெறுபவனும், ஒரே முறை எழுதுபவனும் சமமா? தோக்கியோ பல்கலைக்கழகம் தனியார் தேர்வைக் கட்டாயமாக்கவில்லை. தொஹோக்கு, ஹொக்கைடோ பல்கலைக்கழகங்களும் அதைக் கோரப் போவதில்லை என்றன. இறுதியில், 2019ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று அமைச்சர் திட்டத்தை ஒத்திவைத்தார். 2021இல் அது முற்றாகக் கைவிடப்பட்டது. சங்கத்தின் கொள்கை வழிகாட்டியே தவிர விலங்கு அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

2004: பெரும் திருப்பம்

2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரை தேசியப் பல்கலைக்கழகங்கள் அமைச்சின் ஓர் அங்கமாகவே இருந்தன. பேராசிரியர்களும் பணியாளர்களும் அரசாங்க ஊழியர்கள். 1990களின் இறுதியில் அரசாங்கச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியாக இவற்றைத் தனி நிறுவனங்களாக்கும் யோசனை எழுந்தபோது சங்கம் முதலில் எதிர்த்தது. பின்னர், மாற்றத்தைத் தடுக்க இயலாது என்ற நிலையில், பல்கலைக்கழகத் தன்மைக்கு ஏற்ற தனிச்சட்டம் வேண்டும் என்ற திசையில் பேச்சு நகர்ந்தது. 2003இல் தேசியப் பல்கலைக்கழக நிறுவனச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு 89 நிறுவனங்கள் தோன்றின.

இதன்படி, ஆறு ஆண்டுகளுக்கான இலக்குகளைப் பல்கலைக்கழகத்தின் கருத்தைக் கேட்டு அமைச்சர் வகுக்கிறார். அந்த இலக்கை எட்டும் திட்டத்தைப் பல்கலைக்கழகம் தயாரித்து அமைச்சரின் ஒப்புதலைப் பெறுகிறது. முடிவில் மதிப்பீடு நடைபெறுகிறது. நான்காவது சுற்று 2022இல் தொடங்கி 2027ஆம் நிதியாண்டுடன் நிறைவடையும்.

சுதந்திரம் கிடைத்தபோது அதுவரை அரசாங்கம் சுமந்த பல சுமைகளும் உடன் வந்து சேர்ந்தன. ஆய்வகம் தீப்பற்றினால் இழப்பீடு யார் தருவது? பணியாளர்களை யார் தேர்ந்தெடுப்பது? சிறிய பல்கலைக்கழகம் ஒன்று தனியாகக் காப்புறுதி நிறுவனத்திடம் பேரம் பேச முடியாது. ஆகவே, எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பொதுக் காப்புறுதித் திட்டத்தைச் சங்கம் ஏற்படுத்தியது. அலுவலகப் பணியாளர்களுக்கான தேர்வும் நாட்டை ஏழு வட்டாரங்களாகப் பிரித்துப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் ஒன்றாயிற்று. செய்தித்தாளில் இடம்பெறாத இத்தகைய வேலைகளே சங்கத்தை உயிரோடு வைத்திருக்கின்றன என்பது என் கருத்து.

பணம் என்னும் சிக்கல்

தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசாங்கம் வழங்கும் நிர்வாகச் செலவு மானியம் 2004ஆம் நிதியாண்டில் சுமார் 1.24 டிரில்லியன் யென்னாக இருந்தது. 2024ஆம் நிதியாண்டில் அது சுமார் 1.08 டிரில்லியன் யென்னாகக் குறைந்துவிட்டது. அதாவது, இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு வீழ்ச்சி. இதற்கிடையில் மின்கட்டணம், ஆய்வுக் கருவிகளின் விலை, அனைத்துலக ஆய்விதழ்களின் சந்தா யாவும் ஏறின.

எண்களில் சிறியதாகத் தோன்றும் இந்த வீழ்ச்சி வகுப்பறையில் எப்படித் தெரியும்? நான் பயின்ற துறையில் ஒரு பேராசிரியர் ஓய்வுபெற்றபோது அந்த இடம் நிரப்பப்படவில்லை. அவருடைய பாடங்களை மற்ற இருவர் பகிர்ந்துகொண்டனர். இளம் ஆய்வாளர்கள் மூன்றாண்டு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டு, ஒப்பந்தம் முடியுமுன்பே அடுத்த வேலையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். நீண்ட கால ஆய்வை யார் தொடங்குவார்?

2024ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் சங்கம் இதுகுறித்துப் பொதுமக்களுக்கு ஓர் அறிக்கையை வெளியிட்டது. ‘இனி முடியாது, எல்லையை எட்டிவிட்டோம்’ என்னும் பொருள்பட அதில் இடம்பெற்ற சொற்கள் நாடு முழுவதும் பேசப்பட்டன. நாசூக்காகப் பேசும் பழக்கமுடைய ஒரு சங்கம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதே அதற்குக் காரணம்.

மானியம் குறைந்தால் கட்டணம் ஏறும் என்பது எளிய கணக்கு. ஆண்டுக் கட்டணத்தின் பொது அளவு 2005 முதல் 535,800 யென். அதற்கு மேல் 20 விழுக்காடு வரை உயர்த்த ஒவ்வொரு பல்கலைக்கழகத்திற்கும் உரிமை உண்டு. நீண்ட காலம் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை. 2019இல் தோக்கியோ தொழில்நுட்பக் கழகமும் தோக்கியோ கலைப் பல்கலைக்கழகமும் உயர்த்தின. மாணவர்களின் எதிர்ப்புக்கு இடையே தோக்கியோ பல்கலைக்கழகமும் 2025ஆம் ஆண்டு சேர்க்கை முதல் 642,960 யென் என உயர்த்தியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் தன் மாநிலத்திலேயே நல்ல கல்வி பெற வேண்டும் என்பதற்காகத் தோன்றிய அமைப்பில் இது ஒரு கவலைக்குரிய திருப்பமாகும்.

கலைத்துறைக்கு வந்த சோதனை

தமிழ் மாணவர்களாகிய நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய நிகழ்வு ஒன்றுண்டு. 2015ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் கல்வி அமைச்சர் எல்லாத் தேசியப் பல்கலைக்கழகங்களுக்கும் ஓர் அறிவிப்பை அனுப்பினார். ஆசிரியர் பயிற்சி, மனிதவியல், சமூகவியல் துறைகளைக் கலைப்பது அல்லது சமுதாயத் தேவை அதிகமுள்ள துறைகளாக மாற்றுவது குறித்துப் பல்கலைக்கழகங்கள் முயல வேண்டும் என்பது அதன் உள்ளடக்கங்களுள் ஒன்று. அப்போது சங்கத்தின் தலைவராக இருந்த தொஹோக்கு பல்கலைக்கழகத் தலைவர் சதோமி சுசுமு கவலை தெரிவித்தார். ஜப்பானிய அறிவியல் பேரவையும் கண்டித்தது. பின்னர் அமைச்சு, கலைத்துறைகளை ஒழிப்பது நோக்கமன்று என விளக்கம் அளித்தது.

ஒரு மொழியைப் படிக்க ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேர் மட்டுமே வருகிறார்கள் என்றால் அந்தத் துறை தேவையா என்று கேட்பது கணக்காளரின் கேள்வி. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்பித்துவந்த ஒசாக்கா அயல்மொழிப் பல்கலைக்கழகம் 2007இல் ஒசாக்கா பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டபோது அம்மொழிகள் தொடர்ந்தன. இலாபத்தை மட்டும் கருதினால் அத்தகைய பாடங்களுக்கு இடமிருக்காது. 1956ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை குறைந்த துறைக்காகப் பேச, அத்துறைக்கு வெளியே இருப்பவர்களும் முன்வர வேண்டும். சங்கத்தின் பயன் அங்கேதான் வெளிப்படுகிறது.

குறைகளும் விமர்சனங்களும்

சங்கத்தின் மீது குறை கூறுவோரும் உண்டு. முதலாவதாக, தலைவர் பதவி பெரும்பாலும் பழைய ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகங்களுக்கே சென்றுள்ளது. சிறிய பல்கலைக்கழகங்களின் குரல் மங்கிவிடுகிறது என்ற மனக்குறை நெடுநாளாக உள்ளது.

இரண்டாவதாக, உறுப்பினர்களின் நலன்கள் இப்போது வேறுபடத் தொடங்கிவிட்டன. 2023இல் திருத்தப்பட்ட சட்டம், பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் நிர்வாகக் கொள்கையை முடிவுசெய்யும் புதிய மன்றத்தைக் கட்டாயமாக்கியது. 10 டிரில்லியன் யென் நிதியத்தின் வருவாயிலிருந்து உலகத்தர ஆய்வுப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் உதவி வழங்கும் திட்டத்தில் முதலாவதாகத் தொஹோக்கு பல்கலைக்கழகம் 2024இல் அங்கீகாரம் பெற்றது. இத்தகைய நிதியைப் பெறும் பல்கலைக்கழகமும், கழிவறையைப் பழுதுபார்க்கப் பணம் தேடும் வட்டாரப் பல்கலைக்கழகமும் ஒரே அறிக்கையில் கையெழுத்திடுவது எளிதன்று.

மூன்றாவதாக, 18 வயதினரின் எண்ணிக்கை 1992இல் இரண்டு மில்லியனைத் தாண்டியிருந்தது. இன்று ஏறத்தாழ அதில் பாதிதான். இணைப்புகளும் தொடர்கின்றன. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் தோக்கியோ தொழில்நுட்பக் கழகமும் தோக்கியோ மருத்துவப் பல் மருத்துவப் பல்கலைக்கழகமும் ஒன்றானபின் தேசியப் பல்கலைக்கழகங்கள் 85 ஆயின. ‘எங்கள் அனைவரையும் காப்பாற்றுங்கள்’ என்று சங்கம் கேட்கலாம். எதனை மூடலாம் என்ற கேள்விக்கு அதனால் விடை கூற இயலாது. உறுப்பினர்களின் சந்தாவில் வாழும் எந்தச் சங்கத்திற்கும் உள்ள வரம்பு இது.

நாம் கற்க வேண்டியது

மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் 1998இலும், சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகம் 2006இலும் நிறுவனமயமாயின. நம் நாட்டில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள் கூடும் குழு உண்டு. ஆயினும், மாணவர் சேர்க்கை விதிகளைப் பல்கலைக்கழகங்களே கூடி வகுத்து, பெற்றோரும் பள்ளிகளும் முன்கூட்டியே அறியும் வகையில் வெளியிடுவதும், அமைச்சின் முடிவில் உடன்பாடு இல்லாதபோது காரணங்களுடன் மக்களிடம் எடுத்துரைப்பதும் ஜப்பானிய முறையில் நான் கண்ட சிறப்புகள். பாடங்கள் மாறுவதானால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கும் ஒழுங்கை மட்டுமாவது நாம் பின்பற்றலாம். எஸ்.டி.பி.எம். எழுதும் மாணவனின் பெற்றோரைக் கேட்டால் அதன் அருமை புரியும்.

முடிவுரை

அதிகாரம் இல்லாத ஒரு சங்கம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருப்பதற்குக் காரணம், தனித்து நின்றால் எந்தப் பல்கலைக்கழகமும் அமைச்சின் முன் சிறியதுதான் என்பதை அதன் உறுப்பினர்கள் உணர்ந்திருப்பதே. தேர்வு நாளை ஒத்துக்கொள்வதும் காப்புறுதியைப் பகிர்ந்துகொள்வதும் சிறு செயல்கள். ஆனால், அத்தகைய சிறு செயல்களில் பழகிய கைகள்தாம் நெருக்கடி வந்தபோது ஒன்றாக உயர்ந்தன. நம் பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் ஆண்டுக்கொருமுறை மேடையில் சந்தித்துக்கொள்கின்றன. விழா முடிந்த பின்னும் நூலகம், உதவித்தொகை, பாடத்தேர்வு, புதிய மாணவர் வழிகாட்டல் போன்ற எளிய பணிகளில் அவை இணைந்து இயங்கத் தொடங்கினால், என்றேனும் ஒரு நாள் நம் துறைகளுக்காகப் பேச வேண்டிய வேளையில் ஒரே குரலில் பேசும் தகுதி நமக்கும் வாய்க்கும்.